மாற்றாத ஆயில்

சமயநல்லூர் பால் நிலையத்துக்கு முன்னால் லோடு வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான் பாதுஷா. ஆயில் வெளுப்பாக இருந்தது. துணியில் துடைத்துவிட்டு மறுபடி முக்கி எடுத்தான். நல்லெண்ணெய் மாதிரி கம்பி நுனியில் திரண்டு நின்றது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றினால் ரெண்டு மூணு நாளில் கறுத்துவிடும். கறுத்தது தானாக வெளுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

தைப் பொங்கலுக்கு முந்தி அவன் கையாலேயே ஊற்றிய ஆயில் அது. வழக்கமான ஆயிலைவிட ரெண்டு மடங்கு தூரம் ஓடும் என்று பழங்காநத்தத்தில் ஆயில் கடை வைத்திருக்கும் யேசுதாஸ் எடுத்துக் கொடுத்தார். "ஆயில் மட்டும் நல்லதா இருந்தாப் பத்தாது தம்பி. அழுக்கப் பிடிச்சு வச்சுக்கிற பில்டரும் அம்புட்டு நாளைக்குத் தாங்கணும்" என்று கையோடு ஒரு பெரிய பில்டரையும் தந்தார். பாதுஷாவுக்கு அது வேண்டியிருந்தது. தினமும் பால் ஏற்றிப் போகும் லைனுக்கு லீவு கிடையாது. ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மத்தியானம் தருகிறோம் என்பார்கள், மறுநாள் ஆகும். அந்த ஒரு நாள் லைனுக்கு வேறொருத்தன் வண்டி வரும். வந்த வண்டி திரும்பப் போகாது. இப்படி லைனை விட்டுவிட்டு ரோட்டோரம் சவாரிக்குக் காத்துக் கிடப்பவர்களை அவனுக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த ஆயிலைப் பற்றி நிலையத்துக்கு வரும் டிரைவர்கள் எல்லாரிடமும் பேசினான். இஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுது என்றான். ஓடவும் செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கம்பியை உருவி, கறுத்த ஆயிலைக் காட்டி, கறுப்பு என்றால் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை, உள்ளே இருக்கிற கரியைக் கழுவுகிறது என்று அர்த்தம் என்று வகுப்பே எடுத்தான்.

"என்னண்ணே, கம்பியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மொகம் தெரியுதா?" காலி கேனை உருட்டிக்கொண்டு ஜெய்சன் வந்தான். அடுத்த லைன் வண்டிக்காரன்.

பாதுஷா கம்பியைச் சட்டென்று சொருகினான். "ஒண்ணுமில்லடா."

"மத்தியானம் வேளாங்கண்ணி கிளம்புறோம்ணே. அம்மா வேண்டுதலு. வீட்டு ஆளுக மொத்தமும் பின்னாடிதான், தார்ப்பாய் கட்டிட்டேன். மெக்கானிக்கு ஆயில் மாத்திட்டுப் போடான்னான். எங்க பாதுஷா அண்ணன் இன்னும் மாத்தல, பஞ்சு மாதிரி ஓடுது, நீ வேலையப் பாருன்னுட்டேன்."

"பில்டரு?"

"பழசுதான். டீசல்ல நல்லா அலசிப் போட்டேன். ஆயிலு நீங்க சொன்ன ஆயிலுல்ல?"

பாதுஷா ஜெய்சனின் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஆயிலைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேசியிருந்தான். பில்டரைப் பற்றி ஒருத்தனிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. தகர டப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது? கேன்கள் ஏறின. நிலையத்துக்காரன் சத்தம் போட்டான். ஜெய்சன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பாலை இறக்கிவிட்டு மகபூப்பாளையத்துக்கு விட்டான். அக்கா ஷரீபாவின் வீடு. அவள் புருஷன் யாசீனும் அவனும் ஒரே வண்டியைப் பங்கு போட்டு ஓட்டுகிறார்கள். காலையில் இவனுக்குப் பால், மத்தியானத்துக்கு மேல் அவருக்கு பெயிண்ட் கடை லோடு. வழியெல்லாம் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவனை உட்கார விடவில்லை.

யாசீன் வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆயிலு யாரு மாத்துனது?"

பிளேடு தாடையிலேயே நின்றது. "நான்தான்."

"எப்ப?"

"நேத்து."

"அதுக்கு முன்னாடி?"

அவர் பிளேடைத் தண்ணீரில் அலசினார். உள்ளேயிருந்து ஷரீபா, "சொல்லித் தொலைங்க. அவனும் எம்புட்டு நாளைக்குத்தான் கிறுக்கனா அலைவான்" என்றாள்.

"பழைய கிலோமீட்டர் கணக்குக்கே மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து, பெயிண்ட் லோடுக்கு வரலைன்னு சொல்லிட்டு மாத்துவேன். அடுத்த வெள்ளி நீ கம்பிய உருவுறப்ப கறுத்துக் கெடக்கும். இன்னிக்கு வெள்ளி, லோடு தள்ளிப் போட முடியாதுன்னாங்க, அதான் நேத்தே மாத்திட்டேன்."

"நான் ஊத்துன ஆயிலு?"

"சென்ட்ரிங் ஆளுக காங்கிரீட் பலகைக்குத் தடவக் கேட்டாங்க. தூக்கிக் குடுத்துட்டேன்."

ஷரீபா சிரித்தாள். தம்பி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

யாசீன் முன்பு லாரி ஓட்டியவர். ஓனர் ஆயில் மாற்றவிடாமல் ஓட்டச் சொல்லி, மேலூர் தாண்டி இஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஓனர் எல்லா ஷெட்டிலும் சொல்லிவைத்தான். அதற்கப்புறம் அவருக்கு யாரும் லாரிச் சாவி கொடுக்கவில்லை.

"நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல மாப்ள. சரியாக்கூட இருக்கும். அந்தக் கறுப்பப் பாத்துக்கிட்டு என்னால ஆக்சிலேட்டர மிதிக்க முடியல, அம்புட்டுத்தான்."

"ஊருல எல்லாத்துக்கும் சொல்லிட்டனே மச்சான்."

"கேட்டேன். நல்லாத்தான் சொன்ன."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

யாசீன் சோப்பு நுரையைத் துண்டில் துடைத்தார். "அம்புட்டு சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்த."

பாதுஷா ஜெய்சனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். ஷரீபா நீட்டிய டீயை வாங்காமல் வண்டியை எடுத்தான். "லோடு இருக்குடா எனக்கு" என்று யாசீன் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

விளாங்குடிக்குப் போகிற ரோட்டில் அவன் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. ஆயில் நல்ல ஆயில்தான். யேசுதாஸ் பொய் சொல்கிறவர் இல்லை. ஜெய்சன் வண்டி ஒன்றும் ஆகாமல் போய்த் திரும்பலாம். ஆனால் டீசலில் அலசிய பில்டர்? அதில் என்ன தங்கும்? திருச்சி தாண்டி வெயிலில் இஞ்சின் இறுகினால், பின்னால் பொம்பளைகளும் பிள்ளைகளும். பழைய கணக்கைத் தாண்டி அவன் ஓட்டிக் காட்டிய தூரம் எதுவும் அவன் சொன்ன ஆயிலில் ஓடியது இல்லை. மச்சான் மாற்றிய ஆயிலில் ஓடியது. இதைச் சொன்னால் நாளைக் காலையில் நிலையத்தில் கேன் தூக்குகிறவன்கூடச் சிரிப்பான். சொல்லித்தான் ஆகணும். இந்நேரம் கிளம்பிப் போயிருப்பார்கள் என்று தோன்றியபோது நெஞ்சு லேசானது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான்.

கிளம்பவில்லை. சந்து முனையில் ஜெய்சனின் வண்டி இஞ்சின் ஓட நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் பாய் விரித்து எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெய்சனின் அம்மா சகாயமேரி காவிச் சேலை கட்டி, மெழுகுவர்த்திக் கட்டை மடியில் வைத்திருந்தாள்.

"வழியனுப்ப வந்தியாய்யா?" என்றாள்.

ஜெய்சன் ஸ்டியரிங்கிலிருந்து எட்டிப் பார்த்தான். "போன் அடிச்சீங்களா? அது உள்ள கெடக்குண்ணே. என்னண்ணே, வேர்த்துக் கெடக்கு?"

"இஞ்சின அமத்து."

"நேரமாச்சுண்ணே."

"அமத்துடா."

ஜெய்சன் சாவியைத் திருப்பினான். அதுவரை வண்டியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்த தார்ப்பாய் சட்டென்று அசைவற்றுத் தொங்கியது. அதன் விளிம்பைத் தூக்கிக்கொண்டு முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பாதுஷாவின் வாயையே பார்த்தன.