பஞ்சு பூதத்தின் மேல் ஏறிய நேரங்கள்

அவளுடைய நாத்தனார் தன் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதன்முறையாக வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. தேநீர்த் தட்டோடு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, நடுக்கூடத்தில் பஞ்சு பூதத்தின் முதுகில் முன்னங்கால்களைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சு பெண் நாய், அவள் வளர்த்தது. பூதம் ஆண் நாய், அவள் கணவன் வளர்த்தது. பூதம் நின்றால் அதன் வயிற்றுக்கடியில் பஞ்சு குனியாமல் புகுந்து வெளியே வரும். அப்பேர்ப்பட்ட உருவத்தின் மேல் இந்தப் பொடிசு ஏறுவதற்கு, அது படுத்திருக்கும் நேரமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

"அம்மா, அது என்னம்மா பண்ணுது?" என்றான் சின்னவன்.

"உப்புமூட்டை விளையாடுது. நீ பிஸ்கட்டைத் தின்னு" என்ற நாத்தனார், அவள் பக்கம் திரும்பினாள். "என்ன அண்ணி, உங்க நாய்க்குக் கொஞ்சம்கூட வெக்கமே இல்ல? எங்கண்ணன் நாய் பாவம், வாயில்லாப் பூச்சி. எப்படிப் படுத்திருக்கு பாருங்க!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் 'உங்க நாய்', 'எங்கண்ணன் நாய்' என்று நாத்தனார் பிரித்த பிரிவு அவளைத் தைத்தது. "பஞ்சு! ச்சீ!" என்று கத்தியபடி அவள் தட்டை வைத்த வேகத்தில் இரண்டு கோப்பை தேநீர் தட்டிலேயே குளமானது. பஞ்சுவைக் கழுத்துப் பட்டையோடு பிடித்து இழுத்துப்போய் சமையலறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அது முனகவில்லை. கதவோரம் அதன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அவனுக்கு நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டு ஒற்றை அறையில் ஆறு வருடம் தனியாக இருந்தவள் அவள். அந்த அறையிலிருந்து இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அவள் கொண்டுவந்ததில் உயிருள்ளது பஞ்சு ஒன்றுதான். அலமாரியில் பாதித் தட்டு, குளியலறையில் ஒரு கொக்கி என்று இந்த வீடு அவளுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் தன் நாய் வந்த இடத்தில் மானத்தை வாங்குகிறதே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

விருந்தாளிகள் போனதும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அனுப்பிடுடி. நான் வெச்சுக்கறேன்" என்றாள் அக்கா, கேட்டு முடிப்பதற்குள். "இந்த வாரம் முடியாது. அடுத்த சனிக்கிழமைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாயில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு ஒரு ஸ்விட்சைப் பிரித்துக்கொண்டிருந்தவன், ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றான்.

ஒரு வார்த்தை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, இவருக்கும் இது பாரம்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து நின்றான். "அக்கா வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடலாமே. உடம்புல ஏதாச்சும் கோளாறுன்னா அவங்களுக்கும் சிரமம்."

கால்நடை டாக்டரம்மா பஞ்சுவை மேசையில் ஏற்றி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். சிறுநீரைச் சோதித்தாள். பூதத்துக்கு மேசை போதாததால் தரையில் உட்கார்ந்தே பார்த்தாள்.

"ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சுல்ல? வயசு?"

"ஆயிடுச்சு டாக்டர். இவளுக்குப் பதினோரு மாசம், அவனுக்குப் பத்து."

"உடம்புல ஒண்ணும் இல்ல. விடலைப் பசங்க, அவ்வளவுதான். நீங்க நெனைக்கிற சமாச்சாரமே இல்ல இது."

அவளுக்குக் காது சூடானது. "ஆம்பளை நாய் செஞ்சாக்கூடப் பரவாயில்ல டாக்டர். இவ பொட்டை..."

"பொட்டையும் ஏறும். சந்தோஷம் தாங்கலைன்னா ஏறும். பயமோ பதட்டமோ வந்தாலும் ஏறும். விளையாட்டு முத்தினா ஏறும். உள்ள பொங்குறதை எங்க கொட்டுறதுன்னு தெரியாத வயசு. நீங்க சத்தம் போட்டா இன்னும் கொஞ்சம் பொங்கும்."

"நான்தான் இங்க பெரியவன்னு காட்டறதுக்காகன்னு சொல்றாங்களே?" என்றான் அவன்.

"ஊர்ல ஆயிரம் சொல்வாங்க. இதைப் பாத்து அப்படி முடிவு கட்ட முடியாது. அது கிடக்கட்டும், இவ ஏறும்போது அவன் என்ன பண்றான்? உறுமுறானா, பல்லைக் காட்டுறானா, ஓடி ஒளியறானா? இல்ல உதறிட்டுத் திரும்பி விளையாட வரானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு மாதமாக எல்லார் கண்ணும் பஞ்சு மேலேயே இருந்தது. கீழே இருந்த பூதத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா. "அவனுக்குப் பிடிக்கலைன்னா நடுவுல பூந்து பிரிச்சு விடணும். கத்தாம. எப்பெப்ப ஏறுதுன்னு கவனிங்க. இவ ஏறப்போறான்னு தெரியுதுல்ல, அப்பவே கூப்பிட்டு வேற வேலை குடுங்க."

அன்று மாலையே அவன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினான். லிஃப்ட் நின்றுபோனால் அவன் கம்பெனியில் நிரப்புகிற பழுதுப் படிவம். நேரம், மாடி, முந்தைய நிமிடம் நடந்தது, எடுத்த நடவடிக்கை என்று நான்கு கட்டம். 'மாடி'யை அடித்துவிட்டு 'அறை' என்று எழுதியிருந்தான்.

"லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு லிஃப்டைக் கேட்டா சொல்லாது" என்றான். "நிக்கறதுக்கு முந்தின நிமிஷம் யாரு ஏறினாங்க, எந்தக் கதவு சாத்துச்சுன்னு கேட்டா எல்லாம் தெரிஞ்சுடும்."

"போகப்போற நாய்க்கு எதுக்குப் படிவம்?" என்றாள் அவள்.

அவன் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுவதில் மும்முரமாக இருந்தான்.

முதல் நாளே அவன் எழுதியதைப் படித்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'மாலை 6.40. நடை. சாவிச் சத்தம். பணியாளர் உள்ளே வந்தார். மனைவி, நாய்கள் இரண்டு, ஆக மூவரும் ஒரே சமயத்தில் ஓடிவந்தனர். இட நெருக்கடி. சிறியது பெரியதன் மேல் ஏறியது. பெரியது உதறிவிட்டுச் செருப்பைக் கவ்வியது. கோபம் இல்லை.'

ஐந்து நாளில் தாள் பாதி நிரம்பியது. ஒன்பது தடவையில் ஐந்து, அவன் வீடு திரும்பும் நேரம். ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய நடையில் நான்கு பேரும் முட்டிக்கொண்டு, அவள் "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று இரண்டு நாயையும் உசுப்பேற்றும் நேரம். பூதம் ஒருமுறைகூட உறுமவில்லை.

ஆகவே வீட்டில் புதிய சட்டம் வந்தது. அவன் கதவைத் திறந்து மரம் மாதிரி நிற்க வேண்டும். அவள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாய்கள் அடங்கி உட்காரும் வரை யாரும் யாரையும் பார்க்கக் கூடாது.

"கட்டின புருஷன் வந்தா திரும்பிக்கூடப் பாக்காத பொண்டாட்டி இந்த உலகத்துல நீ ஒருத்திதான்" என்று வாசலிலிருந்து முணுமுணுப்பான்.

"பேசாதீங்க. வால் இன்னும் ஆடுது."

"எதோடது?"

"ரெண்டோடதும்."

அந்த இரண்டு மூன்று நிமிடம் அவளுக்கு வினோதமாக இருந்தது. ஓடிப்போய் வரவேற்றபோது தெரியாத அவன் வாசனை, கிரீஸும் வேர்வையும் கலந்தது, முதுகைக் காட்டி நிற்கும்போது அவளிடம் வந்து சேர்ந்தது.

மறுவார வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இல்லை. அவள் சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் அக்கா வருகிறாள். பஞ்சுவின் துண்டையும் கிண்ணத்தையும் ஒரு பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியிடம் போனாள். முந்தைய நாள் இரவு அவன் எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டது.

'இரவு 8.15. படுக்கையறை. அவள் அக்காவுடன் போனில் பேசினாள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டபோது குரல் உடைந்தது. பஞ்சு அவள் முகத்தையே பார்த்தது. கொட்டாவி விட்டது. பிறகு பூதத்தின் மேல் ஏறியது.'

அடுத்த கட்டத்தில், எடுத்த நடவடிக்கை: 'என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீர் போட்டேன்.'

ஆமாம், நேற்று ராத்திரி கேட்காமலே ஒரு கோப்பை தேநீர் வந்தது. அவள் குடிக்கக்கூட இல்லை. ஆறவிட்டுவிட்டாள்.

அவன் வந்தபோது அவள் சமையலறையில் நிற்கவில்லை. சட்டத்தை மீறி நடையிலேயே நின்றாள். நாய்கள் குதித்தன.

"பஞ்சு போகட்டும்னு நீங்க நெனைக்கலையா?"

"நானா?" அவன் பையைக்கூட இறக்கவில்லை. "நீதானே அனுப்பறேன்னு சொன்ன."

"நீங்கதானே உன் இஷ்டம்னு சொன்னீங்க!"

"உன் நாயாச்சே. வந்து நாலு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள உன் நாய் விஷயத்துல நான் நாட்டாமை பண்ணா நல்லா இருக்குமான்னு..." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "இந்தத் தாள் எதுக்குன்னு நெனைச்ச? கோளாறைக் கண்டுபிடிச்சுட்டா நீ அனுப்ப மாட்டேன்னுதான்."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லத் தெரிஞ்சா நாப்பத்தொரு வயசு வரைக்கும் தனியா இருந்திருப்பேனா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காலடியில் பஞ்சு பூதத்தின் மேல் ஏறிவிட்டதை இருவரும் பார்த்தார்கள். யாரும் எழுதிவைக்கப் போகவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. அக்கா பெரிய கூடையோடு உள்ளே வந்தாள். புது ஆள், புது வாசனை. பூதம் துள்ளியது. பஞ்சு நாலு சுற்று சுற்றியது, காதைப் பின்னுக்கு மடித்தது.

"இப்ப பாரு" என்றான் அவன் மெல்ல.

"பஞ்சு, இங்க வா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். கையிலிருந்த உலர்தீனியைக் கூடத்து மூலையில் ஒரு பிடி இறைத்தாள். பஞ்சு தயங்கியது. பூதத்தின் முதுகைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. பிறகு மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு பொறுக்கப் போய்விட்டது. பூதமும் பின்னாலேயே போனது.

"சமத்தாத்தானே இருக்கு!" என்றாள் அக்கா. "சரி, எடு. வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பறேன்."

"இவ வரலக்கா."

"வரலையா?"

"இங்கதான் இருப்பா. எங்ககூட."

அக்கா கூடையைத் தரையில் வைத்தாள். தங்கையைப் பார்த்தாள், தங்கை புருஷனைப் பார்த்தாள். அவன் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அடிப்பாவி! மெத்தைகூட வாங்கிப் போட்டுட்டேன்டி."

"அதுல நீ படுத்துக்கோ."

"வட்ட மெத்தைடி அது. எப்படிப் படுக்கறது?"

"சுருண்டுக்கோ" என்றாள் அவள். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டாள்.

பஞ்சு தின்று முடித்து வந்து அக்காவின் கூடையை முகர்ந்தது. உள்ளே ஏறி, இரண்டு சுற்று சுற்றி உட்கார்ந்தது. பூதம் தானும் ஏறுவதற்காக ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, மிச்ச உடம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.