ஜலதோஷ ஆல்பம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு பதினாறு வயதுப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்தது. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

"எழுதுங்கக்கா. ஆனா ஒண்ணு, என்னை அழ வைக்காதீங்க. கதைல வர்ற பொண்ணுங்க எல்லாம் கடைசில அழுதுடறாங்க. எரிச்சலா இருக்கு" என்றாள்.

சரி என்றேன். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமல் மூன்று மாதமாக இதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் காது பரிசோதனை செய்பவள். அறிவியல் படித்தவள். கதை எழுதுவேன் என்று வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. (அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் நான் கிறுக்கியிருந்ததை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்துவிட்டாள்.)

2

முதல் தொடக்கம்: "பரிசு என்பது கொடுப்பவரின் மனதில் பிறந்து, பெறுபவரின்—"

பள்ளிக் கட்டுரை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "ஒலிக்கு நிறம் இருந்திருந்தால்—"

ஒலிக்கு நிறம் கிடையாது. அதிர்வெண் உண்டு. அதுவே போதுமான அதிசயம்.

மூன்றாவது: ஒரு அப்பாவும் மகளும் உள்ளே வந்தார்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரத்தின் முன்னால் இருபத்தாறு வருடம் நின்றவர். உட்காரச் சொன்னாலும் நின்றார். மகளுக்கு முதுகில் பை, கழுத்தில் ஹெட்போன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவதான் இழுத்துட்டு வந்தா" என்றார் என்னிடம்.

"ஆமா, மாட்டை இழுத்துட்டு வர்ற மாதிரி" என்றாள் மகள்.

எங்கள் பரிசோதனைக் கூண்டு ஓர் அறைக்குள் இருக்கும் சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தினால் உங்கள் எச்சிலை நீங்கள் விழுங்கும் சத்தம் உங்களுக்கே கேட்கும். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கருவியோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே இருப்பவர் கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் என் கருவியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும்.

எத்தனை ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் எனக்கு அந்த விளக்கு பழகவில்லை. இன்னொரு மனிதரின் தலைக்குள் ஏதோ நடந்தது என்பதற்கு இவ்வளவு சுத்தமான சாட்சி வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்பா எல்லாவற்றுக்கும் அழுத்தினார். மிக மெல்லிய ஒலிக்கும், மிக உயர்ந்த ஒலிக்கும். வரைபடத்தில் கோடு பச்சைக் குழந்தையின் காது மாதிரி நேராக ஓடியது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

மகள் என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, அப்பா உங்க கையைப் பாக்கறாரு."

4

இது என் தவறு. எனக்குக் கூச்சம் அதிகம். பரிசோதிக்கும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்; குனிந்து கருவியையே பார்ப்பேன். என் விரல் அசையும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி வழியாக அவர் அதைப் பார்த்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் வருடாவருடம் நடக்கும் பரிசோதனையையும் இப்படித்தான் கடந்திருக்கிறார்.

"பழக்கம்மா" என்றார், பிடிபட்ட பிள்ளை மாதிரி. "மெஷின் ஓடறப்ப அங்க யாரும் வாயால பேசறதில்ல. கையைப் பாத்துத்தான் எல்லாம்."

கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன். மறுபடி ஆரம்பித்தோம்.

இந்த முறை, விநாடிக்கு ஆயிரம் அதிர்வுக்கு மேலே கோடு கிணற்றில் போட்ட கல் மாதிரி இறங்கியது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: காதுக்குள் நத்தை வடிவச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தாழ பதினைந்தாயிரம் நுண்ணிய மயிரணுக்கள். ஒவ்வொன்றும் தனக்கான சுருதிக்காகக் காத்து நிற்கிறது. உயர்ந்த ஒலிக்கானவை வாசலில். தாழ்ந்த ஒலிக்கானவை ஆழத்தில். வாசலில் நிற்பவைதான் முதலில் சாகின்றன. பிறகு முளைப்பதில்லை. முதல் வருடம் இதைப் படித்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.)

5

இப்போது அவள் ஏன் அவரை இழுத்து வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு பாடகி உயிர். பெயரைச் சொல்லவே மாட்டாள், "எங்காளு" என்றுதான் சொல்வாள். எங்காளு ஏழு ஆல்பம் போட்டிருக்கிறார். போன வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு அவள் இரண்டாவது ஆல்பத்தைக் கொடுத்தாள். கடையில் புதிதாக வாங்கியதை இல்லை. தன்னிடமிருந்த, அட்டை தேய்ந்த சிடியையே.

"பிடிச்சதைக் குடுத்தாதானேக்கா பரிசு? பிடிக்காததைக் குடுத்தா அது வீடு சுத்தம் பண்றது."

ஹெட்போனை மாட்டி, எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தலையாட்டினார். தாளம் ஒரு அணுகூடப் பிசகவில்லை. கண்ணை விரித்தார், சிரித்தார், "பிரமாதம்மா" என்றார். அவளுக்கு உலகமே தன் கைக்குள் வந்த மாதிரி இருந்தது. எப்போதோ பாட்டு முடிந்துபோயிருந்தது. சிடி நின்றிருந்தது. அவள் மனதுக்குள் பாடிக்கொண்டு காலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் அந்தக் காலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"அதுக்கப்புறம் ஒரு வருஷமா யோசிச்சேன்" என்றாள். "பரிசைக் குடுத்துட்டு முகத்தைப் பாக்கவே கூடாதுக்கா. பாத்தா அவங்க நடிக்க வேண்டியதாயிடும். பாவம்."

ஆரம்பத்தில் நான் சொன்ன அந்த வாக்கியம் இதுதான்.

(இங்கே எனக்கே அவள்மேல் சந்தேகம் வருகிறது. பதினாறு வயதில் யாராவது இப்படிப் பேசுவார்களா? பேசினாள். பேசி முடித்ததும் சூயிங்கத்தை மென்றபடி, "ஏழு ஆல்பத்துல ஒரு பாட்டாவது அவருக்கு நிஜமா கேக்குமா? வியாழக்கிழமை பிறந்தநாள்" என்றாள்.)

6

புதன்கிழமை உணவு இடைவேளையில் இருவரும் மறுபடி வந்தார்கள். என் கருவியில் சிடி இணைக்க ஒரு துளை உண்டு. அதை இப்படிப் பயன்படுத்தலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவரைக் கூண்டுக்குள் உட்கார வைத்தேன். "பாட்டு கேக்கற வரைக்கும் பட்டனை அழுத்திட்டே இருங்க. கேக்கலேன்னா விட்டுடுங்க."

"பாட்டு எங்க போயிடப் போகுது?" என்றார்.

கண்ணாடியில் காகிதம் அப்படியே இருந்தது. மகள் தன் விருப்ப வரிசைப்படி சிடிகளை அடுக்கினாள். இரண்டாவது ஆல்பம் முதலில். விளக்கு மின்மினி மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. எங்காளின் குரல் கண்ணாடி இழை போல மெல்லியது, உயரத்திலேயே திரிவது. அவர் மைக்கில் சொன்னார்: "டிரம்ஸ் கேக்குது. அந்தப் பொண்ணு எங்க?"

மூன்றாவது. ஏழாவது. முதலாவது. ஆறாவது. நான்காவது. ஒவ்வொன்றாக அவள் பைக்குள் திருப்பி வைத்தாள். வைக்கும்போது அட்டையை ஒரு முறை துடைத்தாள்.

மிச்சம் ஐந்தாவது.

"இது வேண்டாக்கா. செட்டு உடையக் கூடாதுன்னு கொண்டுவந்தேன். இதுக்கு 'ஜலதோஷ ஆல்பம்'னு பேரு. அவங்களுக்குத் தொண்டை சரியில்லாதப்ப போட்டது. வார்த்தையே கிடையாது. வாயை மூடிட்டு அடிக்குரல்ல ம்ம்ம்னு. கூட ஒரு செல்லோ, பெரிய வயலின் மாதிரி. ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன்."

"போடலாமே" என்றேன்.

விளக்கு எரிந்தது. அணையவில்லை.

அந்தப் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அடியில் எங்கோ செல்லோ நகர்ந்தது, அதன்மேல் அந்தப் பெண்ணின் மூடிய வாய். வாசலில் ஒருவரும் இல்லாத அந்த வீட்டின் உள்ளறையில் யாரோ எழுந்து வந்து கதவைத் திறந்த மாதிரி—

(இந்த உவமை அதிகப்படி. அடிக்க மனம் வரவில்லை.)

7

ஆனால் ஒரு விளக்கை வைத்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது என்பது எங்கள் பயிற்சி. மகளுக்காக ஒருவர் சும்மா அழுத்திக்கொண்டே இருக்கலாம். அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒலியை இரண்டு விநாடி வெட்டுவோம். விளக்கு அணைந்தால் அவர் நிஜமாகவே கேட்கிறார்.

இந்த இடத்திற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வெட்டுகிறேன், விளக்கு அணைகிறது, மகள் துள்ளுகிறாள். நான் ஆசைப்படும் முடிவு. ஆகவே நம்பவில்லை.

இரண்டு: வெட்டுகிறேன், விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஆறு ஆல்பத்தில் தோற்ற மகளுக்கு அப்பா கொடுக்கும் பரிசு. அழகாக இருக்கிறது. அவள் கேட்டது அழகு இல்லை.

மூன்று: வெட்டவே இல்லை. கோழைத்தனம். என் முதல் பிரதி இப்படித்தான் முடிந்தது.

நடந்தது இது. மகள் விளக்கைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"எரியுதாக்கா?"

"எரியுது."



"நீங்க நிறுத்திப் பாப்பீங்கள்ல? உங்க டெஸ்ட் பத்திப் படிச்சேன். நிறுத்திப் பாருங்க. நான் திரும்ப மாட்டேன்."

நிறுத்தினேன். ஒன்று, இரண்டு. அந்த இரண்டு விநாடியும் என் கண் அவள் முதுகின்மேல் இருந்தது. பையின் வாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். ஒலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நடுவில் அணைந்ததா? நான் பார்க்கவில்லை. நான்கு வருடம் படித்தும், பார்க்க வேண்டிய இரண்டு விநாடியை விட்டுவிட்டேன்.

8

பாட்டு முடிந்தது. கூண்டின் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். காதைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"நல்லாப் போயிட்டிருந்துச்சு. நடுவுல ஏம்மா நின்னுச்சு? சிடில கீறலா?"

 

"கீறல் இல்லப்பா" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே.

அவள் வாய் தெரியாமல் அவருக்கு அவள் பேச்சு பிடிபடாது.

"என்னது? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லும்மா" என்றார்.

அவள் திரும்பினாள்.

நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் குனிந்து கருவியின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். அங்கே நிற்பது இனி நீங்கள்தான். பார்ப்பதா, திரும்பிக்கொள்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.