கொடோன் சாவி

“கொடோன் சாவியக் குடுங்க சார்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஸ்டெபிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், அந்தக் கிடங்குச் சாவியை மட்டும் கேட்காதே. கடல் கண்காணிப்பு அலுவலகத்தின் தலைவர் காசிலிங்கம் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அங்கன என்ன இருக்கு? ஒடஞ்ச நாற்காலி.”

“ஜன்னல் வழியா பாத்துட்டேன் சார். மஞ்சக் கலர்ல, ஆள் ஒசர நாற்காலி! கடல்ல மெதக்க வேண்டிய போயா அது. டெல்லியில இருந்து சோதனைக்கு வாறவங்களுக்குத் தெறந்து காட்டணும்.”

அலையை அளக்க அரசாங்கம் தந்த மிதவை. பேட்டரி செத்துக் கரைக்கு வந்து நாலு மாதமாயிற்று. அந்த நாலு மாதமும் அலுவலகம் நீட்டிய துண்டுச்சீட்டைப் பார்த்து, சங்கு குளிப்பவர்கள் வள்ளம் ஏறும் கடல்துறையின் கரும்பலகையில் தினமும் அலை உயரத்தை எழுதியவள் ஸ்டெபி. அவை போன வருஷத்து எண்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. போன செவ்வாயன்று அவள் எழுதிய அரை மீட்டரை நம்பித்தான் அண்ணன் வளன் சங்கு குளிக்கப் போனான். பெரிய அலை அவனைத் தூக்கி வள்ளத்தின் விளிம்பில் அறைந்தது. தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. அன்றுதான் அவள் கொடோன் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

காசிலிங்கம் ஒரு தாளைத் தள்ளினார். மிதவை ஆண்டு முழுக்க ஓடியது என்ற சான்று; பலகையில் எண் எழுதுபவளின் கையெழுத்தும் அதில் வேண்டும்.

“போயா ஓடலன்னு தெரிஞ்சா டெல்லி கைகழுவிரும். அப்புறம் ஏது புதுப் பேட்டரி? உங்க ஆளுகளுக்காகத்தாம்மா சொல்லுதேன். கையெழுத்தப் போடு.”

“எங்க ஆளுகளுக்காகத்தான் நாலு மாசமா என்னயப் பொய்யெழுத வச்சீயளோ?”

“போயாவோட சோலார் தகட்டக் களவாண்டு பேட்டரியச் சாகடிச்சதே உங்க ஆளுகதான்.”

“அப்ப போலீசுக்குல்லா போயிருக்கணும்? போனா போயா கரையில கெடக்கது தெரிஞ்சிரும், அதான?”

அவர் முகம் கறுத்தது. “வீட்டுலயே மொத டிகிரி. வாய அடக்குனா வேலை. இல்லன்னா ஒங்கம்மா கூட மீன்கூடை தூக்கு.”

“எங்கம்மா கூடையில அழுகுனது கெடந்தா, அழுகுனதுன்னு சொல்லித்தான் விப்பா.”

அவர் நீட்டிய பேனாவை அவள் தொடவில்லை. அலமாரியைத் திறந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்தாள். எழுத வேண்டியது வளனின் எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றே தீர்மானமாகிவிட்டது.

“அத எங்க கொண்டு போற?”

“துறைக்கு. நாலு மாசமா யாரும் கடல அளக்கல, போட்டதெல்லாம் பொய்னு எழுதப் போறேன். என் பேரையும் கீழ போடுவேன்.”

“ஏளா, நில்லு! இந்த வாசல் தாண்டுனா...”

அவர் சொல்லி முடிக்கும்போது ஸ்டெபி தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.