போன வருடம் போலவே

"அமரர் ஊர்தியா?"

"ஆமாங்க. சொல்லுங்க, எந்த இடம்?"

"இடமா? எங்க வீட்ல அடுத்து யாருன்னு முடிவு பண்ணி வச்சிருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க!"

அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, டயர் கடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிய ஓர் அறையில் உட்கார்ந்து இரண்டு வண்டிகளை நடத்துகிறவள் அவள். ஒரு வண்டியைக் கணவர் ஓட்டுகிறார், இன்னொன்றுக்குச் சம்பளத்துக்கு ஆள். அழுதுகொண்டு பேசுகிறவர்களை, பேச்சே வராதவர்களை, பங்காளிச் சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு வண்டி கேட்கிறவர்களையெல்லாம் அவளுக்குப் பழக்கம். இப்படி ஒருவர் கேட்டதில்லை.

"கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"படிக்கிறேன், கேளுங்க. 'ஹுர்ரே! இன்று உங்கள் வீட்டில் விசேஷம்! போன வருடம் போலவே இன்றும் வந்து கலக்கிவிடலாமா? வாங்க என்பதை அழுத்தினால் போதும்.' உங்க கம்பெனி பேர்லதான் வந்திருக்கு. எங்கப்பா செத்து இன்னையோட ஒரு வருஷம். எங்கம்மா போனுக்கு வந்திருக்கு. மேல பலூன் பறக்குதும்மா. பலூன்!"

அக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். போனில் பேசுகிறவருக்கு நிற்பது தெரியாது என்பது தெரிந்தும் நின்றுகொண்டே கேட்டாள். வைத்ததும் தம்பிக்கு அடித்தாள்.

"டேய், பலூன் என்னடா?"

"எந்தப் பலூன்?"

அவன் அப்படிக் கேட்டதில் நடிப்பு இல்லை. அவனிடம் பலூன்கள் பலவிதம் உண்டு. ஒரு வரி கூட நிரல் எழுதாமல், கட்டங்களை இழுத்து வைத்து, அம்புக்குறியால் கோத்து, மாதத்துக்கு ஒரு செயலியைச் செய்து "லாஞ்ச் பண்ணிட்டேன்" என்று அறிவிப்பவன். வீட்டில் அவன் பெயரே லாஞ்சு ஆகிவிட்டது. அவனைப் போல இன்னும் நூறு பேர் உண்டு. தங்களை மேக்கர்ஸ் என்று சொல்லிக்கொள்வார்கள். ஒருவன் செய்ததற்கு மற்றவர்கள் கை தட்டுவார்கள், மறுநாள் வேறொருவன் முறை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் செயலி, தலைவலியைக் குறித்துவைக்கும் செயலி, செயலி செய்கிறவர்களுக்காக ஒரு செயலி. அத்தனைக்கும் தட்டுகிறவர்கள் உண்டு. பயன்படுத்துகிறவர்களைத்தான் இன்னும் யாரும் பார்த்ததில்லை.

அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"ஓ, அதுவா! அது 'குட்டி விழா'வோடது. நீக்க மறந்திருப்பேன்."

குட்டி விழா என்பது குழந்தைகளின் பிறந்தநாளுக்கு மேஜிக்காரரை வரவழைக்க அவன் செய்தது. அதில் மேஜிக்காரர் ஒருவரும் சேரவில்லை. அதையே நகல் எடுத்து, பெயரை மாற்றி, கேக் படத்துக்குப் பதில் மாலைப் படம் போட்டு, ஒரே மத்தியானத்தில் அமரர் ஊர்திக்குச் செயலி ஆக்கிவிட்டான். அன்றே அக்கா கேட்டாள்.

"சாவு வண்டிக்கும் பிறந்தநாளுக்கும் என்னடா சம்பந்தம்?"

"லாஜிக் ஒண்ணுதான் க்கா. ஒரு ஆளு, ஒரு தேதி, ஒரு இடம். அங்க மேஜிக்காரர் வரணும், இங்க வண்டி வரணும்."

முதலில் புக் செய்த குடும்பத்திடம் அந்தச் செயலி, "விருப்பமான அலங்காரம்: காடு, கடல், விண்வெளி" என்று கேட்டது. அவர்களும் துக்கத்தில் எதையோ அழுத்த, விண்வெளி என்று பதிவானது. அதைத் திட்டித் திட்டி எடுக்க வைத்தாள். மற்றபடி செயலி ஓடியது. அதை மறுப்பதற்கில்லை.

"சரி, இனிமே யாருக்கும் இது போகக்கூடாது," என்று சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று காலண்டரைப் பார்த்தாள். "டேய், வெள்ளிக்கிழமை அப்பாவோட முதல் வருஷ நாள்."

"தெரியும் க்கா."

"அப்பாவுக்கும் நீ இதுலதானே புக் பண்ணினே?"

"வேற எதுல பண்ணுவேன்?"

அந்தக் காலையை அவள் மறக்கவில்லை. அப்பா கட்டிலில் கிடக்கிறார். வாசலில் வண்டி நிற்கிறது. அவள் கணவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லாஞ்சு கட்டில் ஓரமாக நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா இங்கதானே நிக்கிறார்? யாருக்குடா புக் பண்றே?"

"சிஸ்டத்துல ஏறணும் க்கா. ஏறலேன்னா கணக்கு தப்பாயிடும்."

அவன் எண்ணை அது ஏற்கவில்லை. ஏற்கெனவே அதில் சோதனை செய்து பார்த்துவிட்டானாம். அதனால் அம்மாவின் எண்ணைப் போட்டான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் போன் ஒளிர்ந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் முன்பதிவு உறுதியானது!' அம்மா அதைப் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னொரு தடவை அம்மாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு வரக்கூடாது," என்றாள் அக்கா. "அதுவும் அன்னைக்கு. சரி பண்ணு, இல்லேன்னா மூடிடு."

"மூடறதா? என்ன பேசறே நீ? வெள்ளிக்கிழமை மேக்கர்ஸ் மீட்டப். நான் மேடையில பேசறேன். 'ஒரு வருஷமா ஒரு நாளும் நிக்காம ஓடற செயலி', அதுதான் என் தலைப்பே. நான் பண்ணினதுல ஓடறது இது ஒண்ணுதான்."

"அப்பா நாளன்னைக்கா மேடை?"

"காலைல அவர் படத்துக்குப் பூ வச்சிட்டுத்தானே போவேன்."

மறுநாள் அக்காவின் அறைக்கே வந்து மடிக்கணினியைத் திறந்தான். திரை முழுக்கக் கட்டங்கள், அவற்றிலிருந்து கிளம்பி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும் அம்புகள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இதுல எதுடா அது?"

"பாத்துட்டிருக்கேன்."

"நீ பண்ணினதுதானே?"

"நகல் எடுத்தது க்கா. அதுவும் நான் வேற ஒருத்தர் கிட்டேருந்து நகல் எடுத்தது."

ஓர் அம்பை எடுத்தான். வாழ்த்து நிற்கவில்லை, புக்கிங் நின்றுவிட்டது. அடுக்குமாடி ஒன்றில் ஒரு குடும்பம் புக் செய்துவிட்டு, இறந்தவரைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் காத்திருந்தது. அவர்கள் போன் செய்து கத்திய பிறகுதான் தெரிந்தது. அக்காவின் கணவர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு ஓடினார்.

"எடுத்ததைத் திருப்பி வைடா!"

"வச்சுட்டேன். வச்சுட்டேன்னுதான் நினைக்கிறேன்."

மாலையில் அவனே போன் செய்தான். குரலில் பழைய மினுமினுப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன் க்கா. சரி பண்ணியாச்சு. டெஸ்ட்டும் பண்ணிட்டேன்."

"சத்தியமா?"

"அப்பா மேல சத்தியமா."

இல்லாதவர் மேல் சத்தியம் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. அக்கா அதை நம்பாமல், வெள்ளிக்கிழமை விடிந்ததுமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

லாஞ்சு அங்கேதான் இருக்கிறான், அம்மாவின் வீட்டில், அம்மாவின் சமையலில். குளித்து, மார்பில் ராக்கெட் போட்ட பனியன் அணிந்து, டாக்ஸிக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள். போன் அவள் மடியில்.

"அம்மா, போனைக் குடு. சார்ஜ் போட்டு வைக்கிறேன்."

"நிறைய இருக்கு."

"என் போன்ல பேலன்ஸ் இல்ல, ஒரு கால் பேசணும்."

"இப்பதான் வாசல்ல நின்னு பேசிட்டு வந்தே." அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்னடி விஷயம்? உனக்குப் பொய் சொல்ல வராது. அதெல்லாம் அவன் டிபார்ட்மெண்ட்."

அதற்குள் மடியில் போன் சிணுங்கியது. அக்காவின் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. அம்மா எடுத்து, தூரமாகப் பிடித்து, சத்தமாகவே படித்தாள்.

"'நெஞ்சார்ந்த வணக்கம். இன்று உங்கள் இல்லத்தின் மறக்க முடியாத நாள். போன வருடம் போலவே இன்றும் வரலாமா? வாங்க என்பதை அழுத்தினால் போதும்.'"

மேலே பலூன் இல்லை. கூப்பிய கைகள் இருந்தன.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "இதுதான் சரி பண்ணினதா?"

"பலூனை எடுத்தேன். ஹுர்ரேயை எடுத்தேன். முழு டோனையும் மாத்தியிருக்கேன் க்கா. அவர் கோவிச்சுக்கிட்டது டோனுக்குத்தானே?"

"இது யாருடா எழுதினது?" அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"யாரும் எழுதலைம்மா. தானா போகும்."

"ஓகோ. ஒண்ணுமே எழுதாம இவ்வளவு பண்ணியிருக்கே. எழுத வேற தெரிஞ்சிருந்தா எங்க கதி என்ன ஆகியிருக்கும்!"

சொல்லிவிட்டு அம்மா விரலால் ஒரு தடவை அழுத்தினாள்.

"அம்மா! என்ன அழுத்தினே?"

"வரலாமான்னு கேட்டாங்க. வாங்கன்னேன். அதுதானே மரியாதை?"

அக்கா கணவரைப் போனில் பிடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அக்காவின் கணவரின் போனில் மாமனார் பெயரும் மாமியார் வீட்டு முகவரியும் விழுந்திருக்கின்றன. கேட்கத் துணிவில்லாமல், யாருக்கும் போன் செய்யாமல், நேரே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினவர், வாசலில் மாமியார் நிற்பதைப் பார்த்து ஓர் அடி பின்னால் போனார்.

"அத்தை! நீங்க..."

"நான்தான் மாப்பிள்ளை. இருக்கேன். பயப்படாதீங்க."

வண்டியைக் கண்டதும் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, யாருங்க?"

"இன்னும் முடிவாகலை," என்றாள் அம்மா. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், வெளியில வா."

லாஞ்சு வந்தான். வண்டியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

"ஒரு வருஷமா நிக்காம ஓடுதுன்னு மேடையில சொல்லப்போறியாமே? ஓடுது பாரு, வாசல் வரைக்கும் வந்திருக்கு. இதுலயே போய் இறங்கு. மாப்பிள்ளை, பின்கதவைத் திறங்க."

"அம்மா, விளையாடாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே நீ லாஞ்ச் பண்றே?"

எதிர்வீட்டுக்காரி முந்தானையை எடுக்காமலேயே சிரித்தாள்.

"க்கா, நீ சொல்லேன்."

"அம்மா சொல்றது சரியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

"ஒண்ணு மூடு, இல்ல ஏறு," என்றாள் அம்மா. "ரெண்டும் வேண்டாம்னா நான் இங்கேயே நிக்கிறேன். தினம் ஒரு வீட்ல ஒருத்தி இதைப் படிச்சுட்டு உக்காந்திருக்கணுமா, நீ அங்க போய்ப் பேசறதுக்கு?"

திறந்த பின்கதவு வழியாக எஃகுப் படுக்கை வெயிலில் பளபளத்தது. லாஞ்சு போனை எடுத்தான். எதையோ தேடினான். 'நிச்சயமாக மூட வேண்டுமா?' என்று அது கேட்டது. அழுத்தினான். மூடிக்கொண்டது.

அக்கா அவனையே பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா அத்தனை அம்பு பிடுங்கினே?"

டாக்ஸி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றது. லாஞ்சு போகிற போக்கில் அமரர் ஊர்தியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தலையைச் சரிசெய்துகொண்டான். அப்பா படத்துக்குப் பூ வைக்க மறந்துபோனான்.

அக்காவின் கணவர் பின்கதவைச் சாத்தினார். "அப்ப நான் கிளம்பறேன் அத்தை."

"இருங்க. வாங்கன்னு கூப்பிட்டுட்டு வெறுங்கையோட அனுப்பக்கூடாது. அவரைக் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்குக் கூட்டத்துல என்னை ஏத்த யாருக்கும் ஞாபகமில்லை. கணக்கு தப்பாயிடக்கூடாதுன்னு எல்லாரும் பறந்தீங்க."

அவர் தடுமாறினார். "பின்னாடி உக்கார சீட் இருக்கு, ஆனா..."

"முன்னாடியே உக்காந்துக்கறேன். பின்னாடிக்கு இன்னும் நேரம் இருக்கு."

முன்னிருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதல் சிக்னலிலேயே அக்காவின் போன் அடித்தது. "ஆமாங்க, அமரர் ஊர்திதான். செயலி இல்லைங்க, என்கிட்டயே சொல்லுங்க. எந்த இடம்? யாரு, உங்க மாமியாரா? அழாதீங்க. வண்டி இப்ப கிளம்புது." இன்னொரு வண்டிக்காரருக்குச் சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் அதே திரையில் தம்பியின் முகம் வந்தது. மேடையில் ராக்கெட் பனியனோடு நின்றான். கீழே அவன் எழுதியிருந்ததை அக்கா படித்தாள்.

"'என் வெற்றிகரமான படைப்பை இன்று மனிதாபிமான அடிப்படையில் நானே மூடினேன். இதில் நான் கற்ற ஏழு பாடங்கள்.'"

"ஏழா?" என்றாள் அம்மா. "நாம ஒண்ணுதானே சொன்னோம்?"

"எல்லாரும் கை தட்டறாங்கம்மா. எழுந்து நின்னு தட்டறாங்க."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தட்டட்டும். கொசுவாவது சாகும்."