பத்தாயிரம் பேரும் ஒரே எண்ணைக் கேட்டார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. உறவுக்காரர் வீட்டில் சித்தப்பா என்னைப் பார்த்து, "தங்கச்சி என்னப்பா வேலை பாக்குறா?" என்று கேட்டார். நானோ கதை எழுதுகிறவன், வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன். "கம்ப்யூட்டர்ல... டெஸ்ட் பண்றா" என்றேன். "கெட்டுப்போனா சரி பண்ணுவாளா?" என்றார். திருதிருவென்று முழித்தேன். பக்கத்தில் இருந்த தங்கை சிரித்தாளே தவிர, என்னைக் காப்பாற்ற வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவள் பெருமை ஊருக்கே தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்படி நோக்கத்தோடு எழுதுகிற கதை உருப்படாது என்பதும் எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "சன்னலுக்கு வெளியே காலை வெயில் மெல்ல..." (நிறுத்திவிட்டேன். அவள் வேலை செய்யும் அறையில் சன்னலே கிடையாது.)

இரண்டாவது: "அவள் விரல்கள் விசைப்பலகையில் நடனமாட..." (படித்துக் காட்டினேன். "அண்ணா, தயவு செஞ்சு" என்றாள். அவ்வளவுதான் விமர்சனம்.)

மூன்றாவது, வெறும் தகவல். தேர்வு முடிவுகளை வெளியிடும் இணையதளத்தை நடத்துகிற நிறுவனத்தில் அவளுக்கு வேலை. முடிவு வரும் அன்று எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். அந்தக் கூட்டத்தைத் தளம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்குப் பெயர் லோட் டெஸ்ட். முன்பெல்லாம் அதை எப்போதாவது, இரண்டு நாள் மெனக்கெட்டு, ஆள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். ஆனால் புரோகிராமர்கள் சும்மா இருப்பதில்லை. தினமும் ஐந்தாறு தடவை எதையாவது மாற்றி வெளியே அனுப்புகிறார்கள். எந்த மாற்றத்தில் தளம் தளர்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

தங்கை ஓர் ஏற்பாடு செய்தாள். இனி யார் எந்த மாற்றத்தைச் சேர்த்தாலும் சோதனை தானாக ஓடும். பத்தாயிரம் போலி மாணவர்கள்* எட்டு நிமிடம் தளத்தை மொய்ப்பார்கள். பதில்கள் இரண்டு விநாடிக்குள் வந்தால் திரையில் பச்சை. மாற்றம் தானாக வெளியே போகும். தாமதமானால் சிவப்பு, போகாது. மேலாளரே வந்து கெஞ்சினாலும் சிவப்பு சிவப்புதான்.

* இவர்கள் கேள்வி அனுப்பத் தெரிந்த நிரல்கள் மட்டுமே. முதல் வரைவில் ஒருவனுக்குக் காதலிகூட வைத்திருந்தேன். தங்கை முறைத்ததால் எடுத்துவிட்டேன்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமல்லவா? மேலாளரைப் பிடித்தேன். "'இதெல்லாம் வெட்டி வேலை!' என்று அவர் மேசையில் ஓங்கிக் குத்தி..."

"அவர் குத்தவே இல்லையே" என்றாள் தங்கை. "இந்த ஏற்பாட்டுக்கு முதல்ல சரின்னு சொன்னதே அவர்தான்."

"அப்ப கதையில யாருதான் தப்பு பண்றது?"

"நான்தான் பண்ணேனே. அதை ஏண்ணா எழுதல?"

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெருமை பாட வந்தவன் தங்கையின் குட்டை உடைக்கலாமா? இரண்டு நாள் காகிதத்தைத் தொடவில்லை. பிறகு எழுதினேன்.

4

மூன்று மாதம் திரையில் பச்சைக்குக் குறைவில்லை. அலுவலகமே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. முடிவு வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம், சோதனைப் பதிவுகளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். பத்தாயிரம் பேரும் ஒரே பதிவெண்ணைக் கேட்டிருந்தார்கள்.

அது அவளுடைய பதிவெண். பள்ளித் தேர்வில் அவளுக்குக் கொடுத்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முதல் நாள், சோதனை ஓடுகிறதா என்று பார்க்க ஏதோ ஓர் எண் வேண்டியிருந்தது. கைக்கு வந்ததைப் போட்டாள். அப்புறம் மாற்ற மறந்துவிட்டாள்.

அதனால் என்ன என்று நானும் கேட்டேன். தளம் முதல் ஆளுக்கு மட்டும் பதிலைத் தேடி எடுத்து, அதையே கையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோருக்கும் நீட்டியிருக்கிறது. நிஜ மாணவர்கள் ஆளுக்கொரு எண்ணைக் கேட்பார்கள். ஒவ்வொன்றையும் தேட வேண்டும்.

போலி மாணவர்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது நிமிடத்தில் தளம் படுத்துவிட்டது. சிவப்பு.

[இங்கே எழுதுகிறவன் கொஞ்சம் நிற்கிறான். அந்த எண்ணைப் போட்ட ஒரு வரியைப் பழையபடி வைத்திருந்தால் மறுபடியும் பச்சை. ஒரு காக்கை குருவிக்கும் தெரிந்திருக்காது. தளம் விழுந்தால் "எதிர்பாராத கூட்டம்" என்று அறிக்கை விட்டிருப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானாக இருந்தால் வைத்திருப்பேன்.]

அவள் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டாள். நின்றுகொண்டே பேசினாள்.

"மூணு மாசமா வந்த பச்சை எதையும் நம்பாதீங்க. டெஸ்ட்டே தப்பு. எழுதினது நான்தான்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தேதி அறிவிச்சாச்சும்மா. இந்த ஒரு தடவை மட்டும் ரிசல்ட் பக்கத்தை டெஸ்ட்டைத் தாண்டி அனுப்பிடலாமா? அந்த அனுமதி உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா ஒரு தடவை தாண்டிட்டா, அடுத்த தடவை எல்லாரும் தாண்டச் சொல்லுவாங்க. நான் பண்ண மாட்டேன். வேணும்னா என்னை மாத்திட்டு வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க."

(அவள் குரல் நடுங்கியதாம். நான் "கணீரென்று சொன்னாள்" என்றுதான் எழுதியிருந்தேன். அவளே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள்.)

மேலாளர் புரோகிராமர்கள் பக்கம் திரும்பி, "அப்ப உக்காந்து சரி பண்ணுங்கப்பா" என்றார்.

பண்ணினார்கள். சிவப்பு. இன்னொரு மாற்றம், சிவப்பு. இப்படிப் பதினோரு தடவை. வெளியிடும் நாள் காலையில், அறிவித்த நேரத்துக்கு அரைமணி இருக்கும்போது, பன்னிரண்டாவது மாற்றம் சேர்ந்தது. சோதனை தானாக ஓடத் தொடங்கியது.

5

முடிவு அ: பச்சை. பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்து அழுகிறார்கள், குதிக்கிறார்கள். தளத்தைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பே இல்லை.

முடிவு ஆ: சிவப்பு. வெளியீடு ஒரு நாள் தள்ளிப்போகிறது. ஊரே திட்டித் தீர்க்கிறது. அவளை வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள்.

முடிவு இ: மேலாளர் அவளுக்குத் தெரியாமல்... (இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதி அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தியின் மேல் விரலை வைத்தாள்.

"இதை எடுத்துடுண்ணா."

"நடந்ததுதானே?"

"நடந்ததுதான். பச்சைன்னு முடிச்சா, அதனாலதான் நான் செஞ்சது சரின்னு ஆயிடும். சிவப்புன்னு முடிச்சா, பாவம்னு சொல்லுவாங்க. அங்க நின்னு பேசினப்ப எனக்கு ரெண்டுமே தெரியாது."

எடுத்துவிட்டேன். ஆகவே இங்கே ஆறாவது நிமிடம் முடிந்து, சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இரண்டு நிமிடத்தை நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள்; எந்த நிறம் வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள். நான் திரையின் பக்கமே திரும்பவில்லை. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தங்கை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.