தாள் அறுத்த வெங்காயம்

தாளை, அதாவது மேலே நீண்டிருக்கும் இலைத்தண்டை, அறுக்காதவரைக்கும் சின்ன வெங்காயம் விளைவித்தவருடையது; அறுத்துவிட்டால் வியாபாரியுடையது. ஆலாந்துறைப் பக்கம் எழுத்தில் இல்லாமல் நடக்கிற வழக்கம் அது. கல் அடுக்கிக் கீற்று வேய்ந்த சேமிப்புப் பட்டறைக்குள் காய்ந்த தாளோடு கிடந்தால் காய் மாதக்கணக்கில் கெடாது. தாள் போனால் கழுத்து வழியாக ஈரம் இறங்கிச் சீக்கிரமே அழுகிவிடும். அதனால் அறுக்கச் சொன்னவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெய்வாத்தாளிடம் தாள் அறுக்கச் சொன்னவர் உக்கடம் வியாபாரி முகமது ரியாஸ். இலங்கைக்குப் போகிற சரக்கு, சாயங்காலம் லாரி வரும் என்றிருந்தார். விலை விழுந்து கிடந்த நாளெல்லாம் அவள் இந்த வார்த்தைக்காகத்தான் பட்டறையைப் பிரிக்காமல் காத்திருந்தாள். அதுவரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு அறுத்தவள். குத்தகைக்குப் பிடித்த காட்டில் அவளுக்கென்று விளைந்த முதல் வெள்ளாமை இது.

பாதி அறுத்திருந்தபோது ரியாஸ் போன் செய்தார். இலங்கையிலும் வெங்காயம் அறுவடைக்கு வந்துவிட்டதாம். அந்த நாட்டு விவசாயிகள் சத்தம் போட்டதில் இறக்குமதி வரியை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்களாம். தூத்துக்குடிக்குப் புறப்பட்ட அவருடைய லாரிகளே வழியில் நிற்கின்றனவாம். இனி அறுக்க வேண்டாம், மீதி பட்டறையிலேயே இருக்கட்டும் என்றார்.

தெய்வாத்தாள் போனை மடியில் செருகினாள். கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி வெங்காயத்தோடு நின்றிருப்பாள், அவள் கேட்டதும் நியாயமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதுதான் கோபத்தைக் கூட்டியது. திட்டுவதற்கு அங்கே ஒரு முகம்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் ரியாஸுடையது.

"யாருங்கக்கா போன்ல?" என்றாள் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியான சாமியாத்தாள்.

"பாய்தான். வெரசலா அறுக்கச் சொல்றாரு."

"ஆமா, சிலோன்காரனுக்கு நம்ம வெங்காயம் இல்லாம கண்ணுல தண்ணியே வர மாட்டீங்குதாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். தெய்வாத்தாளும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோடும் பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். பட்டறை காலியானது.

சாயங்காலம் ரியாஸ் ஒரு வேனோடு வந்து இறங்கினார். களத்தில் கிடந்த குவியலைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நான் போன் பண்ணறப்ப எவ்வளவுங்கக்கா அறுத்திருந்தீங்க?"

முழுசும் என்று சொல்வதற்காகத்தான் அத்தனையையும் அறுத்திருந்தாள். சொன்னால் எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்தது. உள்ளூரில் கேட்பாரில்லாத சரக்கை, கொடுத்த வார்த்தைக்காக ஏற்றிப்போக வந்திருக்கிறார். சண்டைக்கு வந்திருந்தால் பொய் சுலபமாக வந்திருக்கும்.

"பாதிதானுங்க. மீதிய நீங்க வேண்டாம்னு சொன்ன பொறவு அறுத்தேன். உங்க தலையில கட்டோணும்னேதான் அறுத்தேன்."

சாமியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரியாஸ் குனிந்து ஒரு காயை எடுத்தார், கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் குவியலிலேயே போட்டார்.

"என்ற மேல கோவம்னா என்னைய நாலு வார்த்தை பேசியிருக்கலாமுங்க. காய எதுக்குங்க கெடுத்தீங்க?"

கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அது அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பாதியை ஏற்றி முடித்த ரியாஸ், மீதியிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வேன் போனது. மீதியை மரத்தடி நிழலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பத் தொடங்கினாள். எப்படிப் பரப்பினாலும் அழுகாமல் நிற்காது என்று தெரியும். கூப்பிடாமலே பெண்களும் வந்து குனிந்தார்கள்.

"நாளைக்கு வாரப்ப ஆளுக்கொரு பை கொண்டாங்க," என்றாள், சண்டைக்கு இழுக்கிற குரலில். "அழுகறதுக்குள்ள உங்க ஊட்டுக்காச்சும் போய்ச் சேரட்டும்."