கலையாத மூட்டம்

மூன்று மணிக்கு அவள் பேச வேண்டும். பேச்சு பிடித்துப்போனால் இந்த ஆய்வு மையத்திலேயே நிரந்தர வேலை. ஆறு வருடமாக வேறு ஊரில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் கணவன், வேலை கிடைத்த மாதிரியே நினைத்துக்கொண்டு போன வாரம் கிளினிக்கைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டான். அவசரக்குடுக்கை!

ஒன்றரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், கடைசியாக ஒருமுறை தன் கணினி நிரலை மேய்ந்தாள். ஒரு வரியில் கண் நின்றது.

அவள் ஆராய்வது, பிரபஞ்சம் பிறந்த கையோடு பிறந்த கருந்துளைகளை. ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் மூட்டமாகப் போர்த்தியிருக்கிறது. அதில் உரசி உரசி வேகம் குறைந்து, இரண்டும் நெருங்கும். ஜோடிகள் எல்லாம் எப்போதோ ஒன்றாகிவிட்டன, இன்று தேட ஒன்றும் மிச்சமில்லை என்பது அவளுடைய முடிவு. அந்த முடிவுதான் அவளை இங்கே கூட்டிவந்தது.

ஆனால் சுற்றுகிற ஜோடி மூட்டத்தையே உதறித் தள்ளிவிடும். மூட்டம் போனால் உரசல் ஏது, உரசல் இல்லாமல் நெருங்குவது ஏது? இரண்டு வருடத்துக்கு முன், சோதனை ஓட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று, ‘மூட்டம் மாறாது’ என நிரலில் ஒரு வரி போட்டிருந்தாள். எடுக்க மறந்துபோனாள்.

கணவனை அழைத்தாள்.

“ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டு படுத்திருக்காரு, சீக்கிரம் சொல்லு.”

சொன்னாள்.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியுமேங்க.”

“சொல்லிடு,” என்றான். “மறைச்சுட்டு நீ தூங்கவா போற?” அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வரியை அழித்து, ஒரே ஒரு ஜோடியை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போனது.

மூன்று மணிக்கு எழுந்து, “நான் அனுப்பின முடிவு தப்பு,” என்றாள். அரங்கில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மையத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ காட்ட என்னம்மா வெச்சிருக்கீங்க?”

திரையில் இரண்டு வெண்புள்ளிகள் சுழன்றன. சுற்றுக்குச் சுற்று மூட்டம் நூல்நூலாகப் பிரிந்து, மிதந்து, ஓரங்களில் கரைந்தது.

“இது எப்போ ஒண்ணு சேரும்?” என்றார் தலைவர்.

“இன்னிக்கே சேரலாம் சார். இன்னும் எத்தனையோ காலம் ஆகலாம்.”

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மூட்டம் முழுக்கப் போய், திரையில் அந்த இரண்டு மட்டும், நடுவில் கையகல இருட்டோடு, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.